தைப்பூச இரவில் அழுத்திய பொத்தான்: ஒரு மூன்ஃபேஸ் வாட்சின் நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி. இரவு ஏழரை மணிக்குச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். கிழக்கே நிலா முழுசாக எழுந்து நின்றது. தட்டை நீட்டிய என் கையைப் பிடித்துத் திருப்பி, மகள் வாட்சைப் பார்த்தாள். "அப்பா, உங்க வாட்சுல நிலா இன்னும் முழுசா வரலையே" என்றாள்.

பார்த்தேன். டயலில் ஆறு மணிக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னலில், நீலத் தட்டின் மேல் பொன்நிற நிலா, ஜன்னலின் இடது ஓரத்தில் அதை மறைக்கும் வளைந்த மேட்டை விட்டு முழுதாக வெளியே வரவில்லை. வளர்பிறை நவமி, தசமி என்று சொல்லும் அளவில்தான் நின்றது. வானத்து நிலா வளர்வதையும் தேய்வதையும் டயலில் காட்டும் மூன்ஃபேஸ் வாட்ச் அது, பல வருடம் சேமித்து வாங்கியது. வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

அன்று தொடங்கிய விசாரணை 2025 செப்டம்பர் வரை நீண்டது. தவறு வாட்சில் இல்லை, என்னிடம் இருந்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் பிடித்தது. இதே மாதிரி வாட்ச் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

முதலில் வாட்சைப் பற்றி. சுவிட்சர்லாந்தில் செய்த ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் வகை. 40 மில்லிமீட்டர் எஃகு கேஸ், தோல் ஸ்ட்ராப், 30 மீட்டர் நீர்த் தாங்குதிறன். முழுசாகச் சாவி ஏறியிருந்தால் சுமார் 42 மணி நேரம் ஓடும். தேதியை மாற்ற, கேஸின் பக்கத்தில் இருக்கும் திருகை, அதாவது சாவியை, ஒரு படி இழுத்துத் திருப்பினால் போதும். நிலாவுக்குத் தனி வழி: கேஸின் பக்கவாட்டில் ஒரு குழி, அதற்குள் பொத்தான். பெட்டியோடு கொடுத்த குச்சியால் அதை ஒருமுறை அழுத்தினால் நிலா ஒரு நாள் நகரும்.

அந்த நிலாவை நகர்த்தும் ஏற்பாடு கேட்பதற்கு மிக எளிமையானது. டயலுக்கு அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு நிலா வரைந்திருக்கும். விளிம்பில் 59 பற்கள். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரத்தின் மேல் விரல் போல ஒரு சின்ன உலோக நாக்கு உண்டு. அது நள்ளிரவை ஒட்டி வந்து தட்டின் ஒரு பல்லைத் தள்ளிவிட்டுப் போகும். தள்ளிய பல் நழுவாமல் இருக்க எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் கூர் இரண்டு பற்களுக்கு நடுவே விழுந்து பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஒரு நாளுக்கு ஒரு பல், 59 நாளில் ஒரு முழுச் சுற்று, அதற்குள் இரண்டு பௌர்ணமி. அதாவது ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு இந்த வாட்ச் 29.5 நாள் எடுத்துக்கொள்கிறது.

வானத்து நிலா சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3 விநாடி எடுக்கிறது. ஆக ஒரு மாதத்துக்கு 44 நிமிடம் வாட்ச் முந்திக்கொள்கிறது. இந்த 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஒரு முழு நாளாவதற்கு 2 வருடம் 7 மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்குதான் எனக்கு முதல் துப்பு. நான் நிலாவைச் சரிசெய்து வைத்தது 2024 ஜனவரி 25, தைப்பூசம். சித்ரா பௌர்ணமி வரை 89 நாள். மூன்று சுற்றுக்கு இந்த வாட்சுக்கு வேண்டியது 88.5 நாள். பல் கணக்கில் வரக்கூடிய பிசகு மூன்று மாதத்துக்கு மொத்தமே 2 மணி 12 நிமிடம். அதுவும் முந்தத்தான் வேண்டும். என் வாட்சிலோ நிலா ஆறு நாள் பின்தங்கி நின்றது. திசையே வேறு.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வாட்சைத் திறக்கவில்லை. "சார், மூன்ஃபேஸ்ல வித்தியாசம் வர்றது நார்மல். ரெண்டரை வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளும்" என்றார். ரெண்டரை வருடத்துக்கு ஒரு நாள் தள்ளுகிற வாட்சில் மூன்று மாதத்தில் ஆறு நாள் எப்படி வரும் என்று கேட்டேன். நீங்கள் ஆரம்பத்தில் தப்பாக வைத்திருப்பீர்கள் என்று சொல்லி, நிலாவைப் பௌர்ணமிக்கு நகர்த்திக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் வெறும் கையோடு போய் "நிலா சரியில்லை" என்று சொன்னால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதும் உண்மை. ஆதாரம் சேர்க்க வேண்டியது என் வேலை என்று முடிவு செய்தேன்.

ஆறு நாள் எங்கே போயிற்று என்று பழைய நாள்களைக் கிளறினேன். அதில் இரண்டு நாளுக்கு உடனே விடை கிடைத்தது. பிப்ரவரி 12 மாலை காய்ச்சலோடு வீடு வந்து வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன். 42 மணி நேரம் என்றால் 14ஆம் தேதி மதிய வாக்கில் அது நின்றிருக்கும். 16ஆம் தேதி காலையில்தான் மறுபடி எடுத்துக் கட்டினேன். நின்ற நேரத்தில் இரண்டு நள்ளிரவுகள் கடந்துவிட்டன. தேதியை இரண்டு நாள் தள்ளியது நினைவிருக்கிறது. ஆனால் நிலாவைத் தொடவே இல்லை.

இது அநேகமாக எல்லோரும் செய்கிற தவறு. தேதி எண்ணாகத் தெரிவதால் பிசகினால் கண்ணில் உறுத்தும். நிலா அப்படி உறுத்தாது. இரண்டு நாள் பின்தங்கிய நிலா பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாட்ச் நின்றுபோனால் எத்தனை நள்ளிரவு தவறியதோ அத்தனை முறை தேதியையும் தள்ள வேண்டும், நிலாவையும் தள்ள வேண்டும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 30 நாள் மாதம் முடியும்போதும் பிப்ரவரி முடியும்போதும் தேதியை மட்டும் கூடுதலாகத் தள்ளுவோம். அப்போது நிலாவைத் தள்ளக் கூடாது. நாள் எதுவும் தவறவில்லை, எண்தான் தாண்டுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வருடத்துக்கு ஐந்து முறை நிலா சும்மா முன்னே ஓடும்.

சரி, இரண்டு நாள் என் கணக்கில் போயிற்று. மீதி நான்கு?

ஏப்ரல் 25 முதல் ஒரு வேலை செய்தேன். வாட்சைக் கழற்றாமல், இரவிலும் கட்டிக்கொண்டே, ஒரு நாள்கூட நிற்கவிடாமல் 30 நாள் வைத்திருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் நின்று டயலைப் போனில் படம் எடுத்தேன். மே 24 அன்று 30 படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தேதி 30 முறையும் மாறியிருந்தது. நிலா 27 முறைதான் நகர்ந்திருந்தது. மூன்று காலைகளில், முந்தின நாள் நின்ற இடத்திலேயே மயிரிழை பிசகாமல் நின்றது. அந்த மூன்று நாள்களுக்குள் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. ஒன்று ஐந்தாம் நாள், அடுத்தது பதினான்காம் நாள், இன்னொன்று இருபத்தாறாம் நாள்.

வாட்ச் நிற்கவில்லை. தேதிச் சக்கரம் தன் வேலையைச் செய்கிறது. பல் கணக்கும் காரணம் இல்லை. அப்படியானால் நிலாத் தட்டைத் தள்ளுகிற இடத்தில்தான் கோளாறு. இதை என்னால் இதற்கு மேல் நிரூபிக்க முடியாது. பாரிமுனைப் பக்கம் பழைய வாட்ச்களை ரிப்பேர் செய்யும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். நாற்பது வருடமாக அதே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாய் அவர். என் அப்பாவின் வாட்சும் அவரிடம்தான் போகும்.

படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, சாவியை இழுத்து முள்ளை முன்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே சீராக. பன்னிரண்டு தாண்டும்போதெல்லாம் நிறுத்தி நிலாவைப் பார்த்தார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் சரியாக நகர்ந்தது. ஏழாவது நள்ளிரவில் என்னைக் கூப்பிட்டார். "இதப் பாருங்க தம்பி." இன்னொரு லென்ஸை என்னிடம் கொடுத்தார். நிலா கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறி, ஏறி, விழப்போகிற கட்டத்தில் நின்று, அப்படியே பழைய இடத்துக்குச் சறுக்கி விழுந்தது. விரல் பல்லைத் தள்ளுகிறது, ஆனால் ஸ்பிரிங் கூரின் உச்சியைத் தாண்டும் அளவுக்குத் தள்ளவில்லை. எட்டாதபோது ஸ்பிரிங் தட்டைத் திரும்ப இழுத்துவிடுகிறது. சில இரவுகளில் எட்டுகிறது, சில இரவுகளில் எட்டவில்லை.

பாய் வாட்சை மேசையில் வைத்தார். "நிலாவ எப்ப செட் பண்ணீங்க?"

தைப்பூசத்தன்று என்றேன்.

"நாள் கேக்கல தம்பி. மணி கேக்குறேன். ராத்திரியில தொட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது.

2024 ஜனவரி 25 இரவு. வாட்ச் வாங்கி ஒரு வாரம். நிலாவை எப்போது சரிசெய்வது என்று யோசித்துப் பௌர்ணமி வரட்டும் என்று காத்திருந்தேன். தைப்பூச நிலா தலைக்கு மேலே ஏறியதும், மாடியில் நின்று, அதைப் பார்த்துக்கொண்டே வாட்ச் நிலாவையும் நிறைவாக்கினேன். மணி பத்தே முக்கால் இருக்கும். முதல் அழுத்தில் பொத்தான் இறுக்கமாக இருந்தது. புது வாட்ச், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் லேசாகிவிட்டது.

அந்த நேரத்தில் உள்ளே நடந்தது இது. என் வாட்சில் அந்த விரல் இரவு பத்தரை மணி வாக்கில் பற்களுக்குள் நுழைந்துவிடுகிறது. பன்னிரண்டைத் தாண்டிய பின்தான் வெளியே வரும். விரல் உள்ளே நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் தட்டு முன்னே நகரும், பின்னால் வரும் பல் விரலின் முதுகில் மோதும். விரலோ சக்கரங்களோடு கோத்திருப்பதால் விலக முடியாது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். என் வாட்சில் விரல் வளைந்தது. உடைந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முடியளவு வளைந்ததால், பெரும்பாலான நாள்கள் வேலை செய்து சில நாள்கள் மட்டும் தவறி, என்னை மூன்று மாதம் ஏமாற்றியது.

இந்த இடத்தில்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. மூன்ஃபேஸ் வாட்ச் வைத்திருப்பவருக்கு அதைச் சரிசெய்யத் தோன்றும் நேரம் எது? இரவு, நிலா மேலே இருக்கும்போது. முழு நிலா மாலையில் எழுந்து நள்ளிரவில்தான் உச்சிக்கு வரும். ஆசை தூண்டும் நேரமும் இயந்திரம் தொடக்கூடாத நேரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. நிலாவைப் பார்த்து ரசியுங்கள். வாட்ச் நிலாவை மறுநாள் பகலில் திருப்புங்கள்.

எந்த நேரம் ஆகாது என்பது வாட்சின் உள் இயந்திரத்தைப் பொறுத்தது. இரவு ஒன்பது முதல் அதிகாலை மூன்று வரை என்று சிலவற்றுக்குச் சொல்வார்கள். இன்னும் அகலமாகச் சொல்லும் கையேடுகளும் உண்டு. என்னுடைய கையேட்டில் இரவு எட்டு முதல் காலை நான்கு வரை என்று தெளிவாகவே அச்சடித்திருந்தது. பல மொழிகளில் பொடி எழுத்தில் இருந்த அந்தப் புத்தகத்தை நான் பிரித்துப் படித்தது பாயிடமிருந்து திரும்பிய பிறகுதான். எந்த நேரத்தில் அழுத்தினாலும் கெடாதபடி பாதுகாப்போடு வரும் வாட்ச்களும் இருக்கின்றன. பிளாங்பெய்னின் வில்லரே வரிசையில் வரும் முழுக் காலண்டர் வாட்ச் அப்படிப்பட்டது. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்க்காமல் பொத்தானைத் தொடாதீர்கள். அழுத்தும்போது இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த இறுக்கம் ஓர் எச்சரிக்கை.

வளைந்த விரலை நிமிர்த்த பாய் மறுத்துவிட்டார். நிமிர்த்தினால் பலவீனமாகிவிடும், புதுசுதான் போட வேண்டும், அந்தப் பாகம் வெளியில் கிடைக்காது, கம்பெனி வழியாகப் போங்கள் என்றார். செய்யத் தெரிந்தவர் செய்யமாட்டேன் என்று சொன்னதில் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. அன்று பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

இந்த முறை சர்வீஸ் சென்டருக்கு 30 படங்களோடும், நிலா சறுக்கி விழுவதைப் போனில் எடுத்த காட்சியோடும் போனேன். மேலாளர் வந்து பார்த்தார். வாட்சை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். உபயோகிப்பவர் செய்த சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை, இரவில் அழுத்தியது நான்தான். பாகம் வருவதற்கே நாள் ஆனது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் வாட்ச் திரும்பி வந்தது. புது விரல், புது ரப்பர் வளையங்கள், நீர் அழுத்தச் சோதனை எல்லாம் செய்திருந்தார்கள்.

அடுத்த கேள்வி, எந்த நாளில் எப்படி வைப்பது? நம்மிடம் இருக்கும் பஞ்சாங்கம் இதற்கு எவ்வளவு பொருத்தமானது என்று இந்த விவகாரத்தில்தான் உணர்ந்தேன். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை வளர ஒரு திதி. பௌர்ணமித் திதி 168 பாகையில் தொடங்கி 180 பாகையில் முடிகிறது. நிலா சூரியனுக்கு நேர் எதிரே வந்து முழுதாக நிறைகிற கணம் அந்த 180தான். ஆகவே பௌர்ணமித் திதி முடியும் நேரம் எதுவோ, அதுவே உண்மையான முழு நிலாவின் நேரம். திதி தொடங்கும் நேரத்தை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு நாள் பிசகும். அமாவாசைக்கும் இதே விதி. திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், வானியல் கணக்கோடு அது ஒத்துப்போகும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சில மணி நேரம் வித்தியாசம் வரலாம்.

2024 நவம்பரில் பௌர்ணமி 16ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன் முடிந்தது. அன்று சனிக்கிழமை. மதியம் வரை பொறுத்திருந்தேன். வாட்ச் ஓடாமல் நின்றிருந்ததால் முதலில் சாவியை முப்பது சுற்று திருப்பினேன். கையை ஆட்டி ஓட வைப்பதைவிட இதுவே நல்லது. கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஸ்பிரிங்கை நிரப்பும், பாதி நிரம்பிய ஸ்பிரிங்கோடு விட்டால் இரவில் நின்றுவிடும். அப்புறம் சாவியை முழுதாக இழுத்து முள்ளை முன்பக்கம் சுற்றினேன். தேதி மாறிய இடம் நள்ளிரவு. அங்கிருந்து மேலும் சுற்றிக் காலை ஆறரைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு முள்ளும் கீழே தொங்கும் அந்த நிலையில் விரல்கள் எல்லாம் பற்களை விட்டு விலகியிருக்கும். பொத்தானை அழுத்தி நிலாவை ஜன்னலின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. தேதியையும் அதே நிலையில் சரிசெய்துவிட்டு, முள்ளை முன்னே சுற்றி, நண்பகல் பன்னிரண்டைத் தாண்டி நேரத்துக்கு நிறுத்தினேன்.

பௌர்ணமி தவறிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. முழு நிலாவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்றோ அத்தனை அழுத்து. ஐந்து நாள் என்றால் ஐந்து. அரை நாள் பிசகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது இந்த அமைப்பிலேயே இருக்கிறது. தட்டில் 59 பற்கள், நிலா இரண்டு. பாதிக்குப் பாதி 29.5 பல். ஒரு நிலா ஜன்னலின் சரியான நடுவில் நிற்கிறது என்றால் இன்னொன்று அரைப் பல் தள்ளித்தான் நிற்க முடியும். நீங்கள் வைத்த நிலா எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மற்றது வரும்போது சற்று விலகித் தெரியும், பயப்படக் கூடாது.

இன்னும் துல்லியமான வாட்ச்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 59க்குப் பதில் 135 பல் வைத்தால் ஒரு நாள் பிசக 122 வருடம் ஆகும். ஒமேகா 2016இல் கொண்டுவந்த ஸ்பீட்மாஸ்டர் மூன்ஃபேஸுக்குப் பத்து வருடம். ஐடபிள்யூசி நிறுவனத்தின் இரட்டை நிலா வாட்சுக்கு 577.5 வருடம். அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட போர்ச்சுகீசர் எடர்னல் காலண்டருக்கு நான்கரைக் கோடி வருடம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தச் சக்கரங்களைக் கணக்குப் போட்டு வெட்டியவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்த எண்கள் எல்லாம் வாட்ச் ஒருமுறைகூட நிற்காவிட்டால்தான் செல்லும். வானத்து நிலாவும் ஒரே அளவில் நடப்பதில்லை. அதன் பாதை நீள்வட்டம் என்பதால் ஒரு சுற்று 29 நாள் 6 மணிக்கும் 29 நாள் 20 மணிக்கும் இடையே கூடிக் குறைகிறது. வார இறுதியில் வாட்சைக் கழற்றி வைக்கிற ஒருவருக்கு 59 பல்லே தாராளம். இந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் லட்சங்கள் கொடுக்காதீர்கள், அழகுக்காகக் கொடுப்பது வேறு விஷயம்.

அழகு என்றதும் ஒன்று. வளர்பிறையில் வாட்ச் நிலாவின் வலது விளிம்பு தெரியும், பிறை செங்குத்தாக நிற்கும். ஐரோப்பாவின் வானத்தைப் பார்த்து வரைந்த படம் அது. 13 பாகை வடக்கே இருக்கும் சென்னையில் மூன்றாம் பிறை சாய்ந்து, பல மாதங்களில் தோணி போலப் படுத்துக் கிடக்கும். வாட்சிலும் வானத்திலும் பிறையின் சாய்வு ஒத்துப்போகவில்லை என்று எண்ணி யாரும் பொத்தானைத் தேட வேண்டாம். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இந்த வாட்ச்கள் பிறக்கவில்லை. தோல் ஸ்ட்ராப் எனக்கு முதல் கோடையிலேயே உட்புறம் கறுத்து நாற ஆரம்பித்தது. இப்போது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ரப்பர் ஸ்ட்ராப், மார்கழி, தை மாதங்களில் தோல். ஸ்ட்ராப்பை மாற்றும்போது கேஸின் காதுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பிரிங் கம்பியைக் கட்டாயம் பாருங்கள். வியர்வை உப்பு அங்கேதான் படிந்து அரிக்கும். அது ஒடிந்தால் வாட்ச் தரையில்தான். மாலையில் கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் பின்மூடியையும் பக்கக் குழியையும் துடைத்து வைக்கிறேன்.

30 மீட்டர் என்று பின்மூடியில் எழுதியிருப்பதை நம்பி நீந்த வேண்டாம். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், தூறல், அவ்வளவுக்குத்தான் அது. மூன்ஃபேஸ் வாட்சில் சாவியைத் தவிரப் பக்கப் பொத்தானும் ஒரு துளை. கை ஈரமாக இருக்கும்போது அதை அழுத்தினால் தண்ணீரை உள்ளே வரவேற்பதுபோல் ஆகும். ஊசி, சேஃப்டி பின், பேனா முனை எதையும் அதற்குள் விடாதீர்கள். குச்சி தொலைந்துபோனால் பல் குத்தும் மரக்குச்சியின் நுனியை மழுக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசியில் புதைத்து வைத்துக் காலம் கடத்தாமல் அன்றே கடைக்கு எடுத்துப் போங்கள்.

காந்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மே மாதப் பரிசோதனையின்போது ஒரு வாரம் வாட்ச் தினமும் நான்கைந்து நிமிடம் முந்தியது. நிலாக் கோளாறும் இதுவும் ஒன்றோ என்று குழம்பினேன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. டேப்லெட் உறையின் காந்த மூடிமேல் வாட்சை வைத்துவந்ததுதான் காரணம். உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டால் வாட்ச் வேகமாக ஓடும். பாய் ஒரு சின்னக் கருவியில் காட்டி அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார்.

வாட்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும் வைண்டர் பெட்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே வாட்ச் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். கட்டாத நாளிலும் இயந்திரத்தைத் தேயவிடுவானேன்? நான்கு நாள் நின்றால் நான்கு அழுத்து, பகலில். நான் பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே வாட்ச் நின்ற நாள்களைப் பென்சிலால் குறித்துவைக்கிறேன். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ், அதற்கு இடையில் வாட்ச் ஒழுங்காக ஓடும்வரை திறக்காமல் இருப்பது. வேறு பெரிய பராமரிப்பு கிடையாது.

பழுது நிஜமாகச் சரியானதா என்று தெரிய ஒரு நல்ல பரீட்சை வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை முழு சந்திர கிரகணம். இந்தியா முழுதும் தெரியும்படி அமைந்தது. கிரகணம் என்றாலே பௌர்ணமியின் உச்சக் கணம், அதைவிடத் திட்டவட்டமான அளவுகோல் கிடைக்காது. 2024 நவம்பர் 16இலிருந்து எண்ணினால் 295 நாள். இது தற்செயலாக அமைந்த அற்புதம்: 59ஐ ஐந்தால் பெருக்கினால் 295. நிலாத் தட்டு ஐந்து முழுச் சுற்று சுற்றி, நான் வைத்த அதே நிலா அதே பல்லில் வந்து நிற்க வேண்டும். இடையில் மூன்று முறை வாட்ச் நின்றது, மூன்று முறையும் குறித்துவைத்துத் தள்ளியிருந்தேன். பத்து மாதத்துப் பல் பிசகு 7 மணி 20 நிமிடம், ஒரு நாளுக்குள் அடங்கும்.

மகளும் நானும் மாடிக்குப் போனோம். 9.57க்கு நிழல் கடிக்க ஆரம்பித்தது. மேகம் வந்து வந்து போனது. பதினொரு மணிக்கு முழு நிலாவும் செம்புப் பாத்திரம் போலச் சிவந்தது. 11.41, கிரகணத்தின் நடுக்கட்டம். மகள் போன் வெளிச்சத்தை டயல்மேல் அடித்தாள். ஜன்னலில் முழு நிலா. நடுவிலிருந்து ஓர் இழை மட்டும் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. விரல் பல்லைத் தொட்டுத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"சரி பண்ணணுமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றேன். வானத்தில் சிவப்பு விலகத் தொடங்கிய 12.22க்கு மறுபடி பார்த்தோம். இழை அகலமாகியிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு நிலா ஒரு பல் தாண்டி விழுந்து உட்கார்ந்தது.